ஓலாவ் (ஆண் பெயர்)

ஓலாவ் என்பது ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிவரும் ஓர் ஆண் பெயர். நோர்வேயில் ஓலாவ், சுவீடனில் ஊலோஃப், டென்மார்க்கில் ஓலுஃப், ஐஸ்லாந்தில் ஓலவுர், பின்லாந்தில் ஓலாவி எனப் பல வடிவங்களில் இது வழங்குகிறது. ஆங்கில நூல்கள் வழியாகத் தமிழுக்கு வந்த வடிவம் ஓலாஃப். 2013-இல் வெளிவந்த 'ஃப்ரோசன்' திரைப்படத்தின் பனிமனிதன் மூலம் இப்பெயர் உலகெங்கும் குழந்தைகளுக்கு அறிமுகமாயிற்று. அப்படத்தின் இரண்டாம் பாகம் 2019-இல் தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. ஆனால் பனிமனிதனுக்கு வைக்கப்பட்ட இந்தப் பெயர் நோர்வே மக்களுக்கு அரசர்களின் பெயர், புனிதர் ஒருவரின் பெயர், சாதாரண உழவனின் பெயர் என மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது.

பொருளும் சொற்பிறப்பும்

வைக்கிங் காலத்துக்கும் முற்பட்ட தொல் நோர்டிக் மொழியில் இப்பெயரின் மூல வடிவம் 'அனுலைபஸ்' என மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கம் செய்துள்ளனர். இதில் இரண்டு உறுப்புகள் உள்ளன. முதல் உறுப்பான 'அனு' மூதாதையைக் குறிக்கும். ஜெர்மன் மொழியில் முன்னோரைக் குறிக்கும் 'ஆன்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே. இரண்டாம் உறுப்பான 'லைபஸ்' என்பதற்கு எஞ்சியது, விட்டுச் செல்லப்பட்டது, மரபுரிமையாக வந்தது என்று பொருள். ஆங்கிலத்தில் விட்டுச் செல்வதைக் குறிக்கும் 'லீவ்' என்னும் வினையும், ஜெர்மனில் தங்கியிருத்தலைக் குறிக்கும் 'ப்ளைபன்' என்னும் வினையும் இதன் உறவுச் சொற்கள். வட அமெரிக்காவுக்குக் கடல்வழி சென்ற லெய்ஃப் எரிக்சன் என்பவரின் பெயரில் உள்ள 'லெய்ஃப்' இந்த இரண்டாம் உறுப்பு மட்டும் தனிப்பெயராக நிற்பதாகும். டென்மார்க்கின் ஹாடர்ஸ்லெவ், சுவீடனின் எஸ்லோவ் போன்ற ஊர்ப்பெயர்களின் ஈற்றிலும் அதே சொல் உள்ளது. அங்கே அது ஒருவர் விட்டுச்சென்ற நிலத்தைக் குறிக்கிறது.

எனவே ஓலாவ் என்றால் 'முன்னோரின் எச்சம்' எனலாம். தமிழில் 'எச்சம்' என்ற சொல் எஞ்சிய பொருளையும் வழித்தோன்றலையும் ஒருசேரக் குறிப்பதால், இப்பெயரின் இரு பொருளையும் அது சிதையாமல் தாங்குகிறது. பல அகராதிகளும் பெயர்ப் பட்டியல்களும் 'வாரிசு' என்று மட்டும் எழுதிவிடுகின்றன. அது தவறில்லை என்றாலும் போதாது. வாரிசு என்பவன் சொத்தைப் பெறுபவன். ஓலாவ் என்ற பெயரிலோ பெறுபவனும் அவனே, விட்டுச் செல்லப்பட்ட பொருளும் அவனே.

இந்தப் பொருளுக்குப் பின்னால் ஒரு வழக்கம் உண்டு. பழைய நோர்டிக் குடும்பங்களில் இறந்துபோன தாத்தாவின் அல்லது உறவினரின் பெயரைப் புதிதாகப் பிறந்த குழந்தைக்கு இடுவார்கள். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் 'பெயரன்' ஆகிப் பின் 'பேரன்' ஆன கதையை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. ஆனால் அங்கே பெயரோடு இறந்தவரின் நற்பேறும் குழந்தைக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

ஒலி மாற்றம்

'அன்' என்று தொடங்கிய பெயர் 'ஓ' என்று மாறியது எப்படி என்பது மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. 'ல' ஒலிக்கு முன் நின்ற 'ன்' தேய்ந்து, தனக்கு முன்னிருந்த உயிரொலியை மூக்கொலியாக்கிவிட்டு மறைந்தது. அந்த நெடில் பின்னர் 'ஓ' என்று திரிந்தது. 'ஆலெய்ஃபர்', 'ஓலாஃபர்' என்ற இரு வடிவங்களும் பழைய நோர்ஸ் மொழியில் காணப்படுகின்றன.

மறைந்துபோன மூக்கொலிக்கான சான்று அண்டை நாட்டாரின் எழுத்தில் கிடைக்கிறது. பழைய ஆங்கில ஆண்டுக் குறிப்புகள் 937-ஆம் ஆண்டின் புருனன்பர் போரைப் பேசும்போது வைக்கிங் அரசனை 'அன்லாஃப்' என்றே எழுதுகின்றன. யார்க் நகரில் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வெளியிடப்பட்ட, காக உருவம் பொறித்த வெள்ளிக் காசுகளிலும் 'அன்லாஃப் குனுங்க்' என்று உள்ளது. 'குனுங்க்' என்பது அரசனுக்கான நோர்ஸ் சொல். அயர்லாந்து எழுத்தர்களோ 'அம்லைப்' என 'ம்' ஒலியுடன் எழுதினர். டப்ளினை ஆண்ட அம்லைப் குவாரான் 980-இல் தாரா போரில் தோற்றபின் ஐயோனா தீவின் துறவி மடத்தில் ஒதுங்கி அங்கேயே இறந்தார்.

இந்தக் கேலிக் வடிவம் பின்னர் 'ஓலே' என்பது போன்ற ஒலியுடன் 'ஆலே' ஆயிற்று. 'ஆலேயின் மகன்' என்பதே ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 'மக்காலே' என்னும் குடிப்பெயரானது. இந்தியக் கல்வி குறித்து 1835-இல் குறிப்பு எழுதிய தாமஸ் பாபிங்டன் மெக்காலே இந்தத் தீவுக் குடும்பத்தின் வழிவந்தவர். அவருடைய கொள்ளுத் தாத்தாவின் பெயரே ஆலே மெக்காலே. 1834-இல் சென்னையில் வந்திறங்கி, கவர்னர் ஜெனரலைக் காண உதகமண்டலம் சென்ற மெக்காலேயின் பெயருக்குள் வைக்கிங் அரசர்களின் பெயர் மறைந்திருக்கிறது என்பது பலர் அறியாதது.

ரஷ்யப் பெயரான ஒலெக், பெண் பெயரான ஓல்கா ஆகியவற்றையும் ஓலாவுடன் சேர்த்துவிடுவோர் உண்டு. அவை 'புனிதமான' என்ற பொருள்தரும் 'ஹெல்கி', 'ஹெல்கா' என்ற நோர்டிக் பெயர்களிலிருந்து வந்தவை. ஓலாவுடன் அவற்றுக்குத் தொடர்பில்லை.

மேட்டைத் திறந்த கதை

இப்பெயரைத் தாங்கியவர்களுள் முதன்மையானவர் ஓலாவ் ஹரால்ட்சன். 1015 முதல் 1028 வரை நோர்வேயை ஆண்டவர். நாட்டில் கிறித்தவத்தை நிலைநாட்டியவர், அதைப் பல இடங்களில் வன்முறையாலும் செய்தவர். நாட்டை விட்டு விரட்டப்பட்டுத் திரும்பி வந்தபோது, 1030 ஜூலை 29 அன்று ஸ்டிக்லஸ்டாட் என்னுமிடத்தில் உழவர் படையால் கொல்லப்பட்டார். அவரை எதிர்த்து நின்ற நாடே ஓராண்டுக்குப் பின் அவரைப் புனிதராக ஏற்றது. 1031 ஆகஸ்ட் 3 அன்று பிஷப் கிரிம்கெல் அவரைப் புனிதர் என அறிவித்தார்.

அவருக்கு இப்பெயர் வந்த விதத்தைப் பற்றி ஐஸ்லாந்து சாகாக்களில் ஒரு கதை உண்டு. வெஸ்ட்ஃபோல்ட் பகுதியை ஆண்ட பழைய அரசன் ஓலாவ் கெயிர்ஸ்டாட்-ஆல்வ் இறந்து ஒரு மண்மேட்டுக்குள் புதைக்கப்பட்டிருந்தான். அவன் ராணி என்பவனின் கனவில் தோன்றி, மேட்டைத் திறந்து உள்ளேயிருக்கும் வாளையும் மோதிரத்தையும் இடைக்கச்சையையும் எடுத்துச் செல்லும்படி கூறுகிறான். அப்போது ஆஸ்தா என்னும் அரசகுலப் பெண் பேறு முடியாமல் துன்புற்றுக்கொண்டிருந்தாள். ராணி அந்தக் கச்சையை அவள் இடையில் கட்ட, ஆண் குழந்தை பிறக்கிறது. மேட்டில் கிடந்தவனின் பெயரே குழந்தைக்கு வைக்கப்படுகிறது. வாளும் மோதிரமும் அவனுக்கே உரியவை ஆகின்றன. முன்னோர் விட்டுச்சென்றது என்ற பெயர்ப்பொருளை இதைவிட நேரடியாகச் சொல்லும் கதை வேறில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் அது வெறும் பெயர்க்காரணக் கதை. 'ஃப்ளாத்தேயார்போக்' என்னும் 14-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துத் தொகுப்பு தரும் தொடர்ச்சியில்தான் சிக்கல் வெளிப்படுகிறது. வளர்ந்து அரசனான ஓலாவ் ஒருநாள் குதிரையில் அதே மேட்டைக் கடந்து போகிறார். உடன் வந்தவர்களில் ஒருவன், நீங்கள் முன்பு இங்கே புதைக்கப்பட்டிருந்தீர்களா என்று கேட்கிறான். பழைய அரசனே மீண்டும் பிறந்து வந்திருக்கிறான் என்று மக்கள் நம்பினர் என்பது இக்கேள்வியின் பின்னணி. ஓலாவ் சினந்து மறுக்கிறார். ஓர் ஆன்மாவுக்கு இரண்டு உடல் கிடையாது, அப்படிச் சொல்வது தன் சமயத்துக்கு மாறானது என்பது அவர் விடையின் சாரம். பின் குதிரையைத் தட்டி அவ்விடத்தை விட்டு விரைந்து போய்விடுகிறார். பழைய நம்பிக்கையை ஒழிக்க வாளெடுத்த அரசன், அந்த நம்பிக்கையையே தன் பெயராகச் சுமந்தார் என்பதைச் சாகாவை எழுதியவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

அவருக்கு முன் ஆண்ட ஓலாவ் திரிக்வாசனும் (995-1000) புகழ்பெற்றவரே. மரபுப்படி 997-இல் திரோண்ட்ஹெய்ம் நகரை நிறுவியவர். சுவீடனில் அதே காலத்தில் ஆண்ட ஊலோஃப் ஷேட்கோனுங், சிக்டூனாவில் தன் பெயர் பொறித்த காசுகளை அடித்தார்.

புனிதரின் பெயர் பரவுதல்

1030-க்குப் பின் இப்பெயருக்கு இரண்டாவது பொருள் ஒன்று சேர்ந்தது. நிதாரோஸ் என்று அழைக்கப்பட்ட திரோண்ட்ஹெய்மில் ஓலாவின் உடல் வைக்கப்பட்ட பேராலயம் வட ஐரோப்பாவின் மாபெரும் யாத்திரைத் தலமாயிற்று. பெத்லகேமின் பிறப்புக் கோயில் தூண் ஒன்றில்கூட 12-ஆம் நூற்றாண்டில் அவருடைய உருவம் தீட்டப்பட்டது. எஸ்தோனியாவின் தாலின் நகரில் ஓலெவிஸ்தே தேவாலயம் எழுந்தது. பின்லாந்தில் 1475-இல் கட்டத் தொடங்கிய கோட்டை ஓலாவின்லின்னா எனப் பெயர் பெற்றது. அந்நாடுகளில் ஓலாவி, ஒல்லி, ஓலெவ் ஆகிய பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

லண்டனில் அவர் பெயரில் பல தேவாலயங்கள் இருந்தன. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள டூலி வீதி என்ற பெயரும் 'செயின்ட் ஓலேவ்' என்பதன் மருஉவே. 'செயின்ட்' என்பதன் கடைசி 'ட்' அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'டோலேவ்' ஆகி, பின் 'டூலி' ஆயிற்று.

ஃபரோ தீவுகளில் ஜூலை 29 'ஓலாவ்சோகா' என்னும் தேசியத் திருநாள். அன்றுதான் அத்தீவுகளின் நாடாளுமன்றம் கூடும். நோர்வேயில் அதே நாள் 'ஊல்சொக்' எனப்படும்.

அரண்மனையிலிருந்து வயலுக்கு

1387-இல் நோர்வே, டென்மார்க் இரண்டுக்கும் அரசனாயிருந்த நான்காம் ஓலாவ் 16 வயதில் இறந்தான். அவனோடு நோர்வேயின் பழைய அரச மரபு அற்றுப்போனது. அவன் சாகவில்லை என்று பலர் நம்பியதால், 1402-இல் பிரஷ்யாவிலிருந்து ஒருவன் 'நானே ஓலாவ்' என்று கிளம்பினான். இறந்தவனின் தாயான அரசி மார்கரேத்தா அவனை எரித்துக் கொல்லச் செய்தாள். அதன்பின் நோர்வே நானூறு ஆண்டுகளுக்கு மேல் டென்மார்க்கின் கீழும், 1814 முதல் சுவீடனுடன் இணைந்தும் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டு முதல் டேனிய அரசர்கள் கிறிஸ்டியன், ஃப்ரெடரிக் என்று மாறி மாறிப் பெயர் சூடிக்கொண்டனர். சமயச் சீர்திருத்தம் வந்தபோது புனித ஓலாவின் வெள்ளிப் பேழை 1537-இல் எடுத்துச் செல்லப்பட்டு, கோபன்ஹேகனில் உருக்கிக் காசாக்கப்பட்டது.

அரண்மனை மறந்த பெயரை உழவர்கள் மறக்கவில்லை. ஊலா, ஊலெ எனச் சுருங்கி அது பண்ணை வீடுகளில் வாழ்ந்தது. தாத்தாவின் பெயர் பேரனுக்கு என்ற வழக்கம் தொடர்ந்ததால் ஒரே குடும்பத்தில் ஊலெ மகன் ஹான்ஸ், ஹான்ஸ் மகன் ஊலெ எனத் தலைமுறைகள் நீண்டன. 'ஊலெயின் மகன்' என்பதே ஊல்சன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலையான குடும்பப்பெயர் வேண்டும் என்று 1923-இல் நோர்வே சட்டம் இயற்றியபோது, அதுவரை ஒரு தலைமுறைக்கே உரியதாயிருந்த இத்தகைய தந்தைவழிப் பெயர்கள் பல குடும்பப்பெயர்களாக உறைந்தன. இன்று ஊல்சன் அந்நாட்டின் மிகப் பரவலான குடும்பப்பெயர்களுள் ஒன்று. சராசரி நோர்வேக்காரனைக் குறிக்க 'ஊலா நூர்மன்' என்றே அந்நாட்டார் சொல்வர்.

அமெரிக்கா சென்ற குடியேறிகளோடு பெயரும் சென்றது. மின்னசோட்டாவில் நோர்வே குடியேறிகள் 1874-இல் தொடங்கிய கல்லூரிக்குப் புனித ஓலாவின் பெயரே இடப்பட்டது. அங்குள்ள நகைச்சுவைத் துணுக்குகளில் வரும் அப்பாவிக் கணவனும் ஊலெதான், மனைவி லீனா.

ஒரு டேனியச் சிறுவன்

1905-இல் நோர்வே சுவீடனிடமிருந்து பிரிந்தது. புதிய அரசராக டேனிய இளவரசர் கார்ல் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ஹாகோன் என்னும் பழைய நோர்வேப் பெயரை ஏற்று ஏழாம் ஹாகோன் ஆனார். அவருடைய இரண்டு வயது மகன் 1903-இல் இங்கிலாந்தில் பிறந்தவன். அலெக்சாண்டர் எட்வர்ட் கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் என்பது அவனுக்கு இடப்பட்ட பெயர். அந்தப் பெயரில் தாய்வழித் தாத்தாவான இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டும், டேனிய அரசர்களும் இருந்தனர். நோர்வே மட்டும் இல்லை. 1905 நவம்பர் 25 அன்று பனி பெய்துகொண்டிருந்த கிறிஸ்தியானியா துறைமுகத்தில் தந்தையின் கையில் இருந்தபடி வந்திறங்கியபோது அவன் ஓலாவ்.

இதை வெறும் அரசியல் ஒப்பனை என்று தள்ளிவிடலாம். முன்னோரின் எச்சம் என்ற பெயர், அந்த மண்ணில் முன்னோர் வாழ்ந்திராத ஒரு குழந்தைக்கு இடப்பட்டது என்பதும் உண்மை. ஆயினும் பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். டேனிய ஆட்சிக்கால எழுத்துமுறைக்கு ஏற்ற 'எஃப்' விடப்பட்டு, நோர்வே வழக்கைக் காட்டும் 'வி' ஏற்கப்பட்டது. மொழி உரிமை குறித்து நோர்வேயில் கடும் வாதம் நடந்த காலம் அது. ஓர் எழுத்தே நிலைப்பாடு ஆகக்கூடிய சூழல்.

பெயருக்கு உண்மையான சோதனை 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படையெடுப்போடு வந்தது. அரசரும் இளவரசர் ஓலாவும் வடக்கே பின்வாங்கி, ஜூனில் லண்டன் சென்று எதிர்ப்பைத் தொடர்ந்தனர். நாட்டினுள் ஆட்சிப் பொறுப்பில் அமர்த்தப்பட்ட குவிஸ்லிங்கின் கட்சியோ புனித ஓலாவைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. வட்டத்துக்குள் அமைந்த அதன் சிலுவைச் சின்னம் 'ஓலாவ் சிலுவை' என்றும் அழைக்கப்பட்டது. ஸ்டிக்லஸ்டாட்டில் அக்கட்சி கூட்டங்கள் நடத்தி, 1944-இல் நினைவுச் சின்னமும் எழுப்பியது. அதே 1944-இல் லண்டனில் இளவரசர் ஓலாவ் நோர்வேப் படைகளின் தலைவரானார். ஒரே பெயரை இரு தரப்பும் உரிமை கொண்டாடிய அந்த ஆண்டுகளின் முடிவில், 1945 மே 13 அன்று ஓலாவ் நாடு திரும்பினார். ஸ்டிக்லஸ்டாட் நினைவுச் சின்னம் இடிக்கப்பட்டது.

1957-இல் அவர் ஐந்தாம் ஓலாவாக அரியணை ஏறினார். 570 ஆண்டுகளுக்குப் பின் இப்பெயரில் ஓர் அரசர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்ற அவர், 1973 எண்ணெய் நெருக்கடியின்போது வார இறுதியில் கார் ஓட்டத் தடை இருந்ததால், பனிச்சறுக்குக் கட்டைகளுடன் ரயிலில் ஏறிச் சீட்டுக்குக் காசு நீட்டிய படம் இன்றும் அந்நாட்டு நூல்களில் இடம்பெறுகிறது. 1991 ஜனவரி 17-இல் மறைந்தார்.

உச்சரிப்பும் பெண்பால் வடிவமும்

நோர்வே, சுவீடிய மொழிகளில் இப்பெயரின் முதல் உயிர் எழுத்தில் 'ஓ' என்றிருந்தாலும் ஒலியில் 'ஊ'வுக்கு நெருங்கியது. எனவே நோர்வேக்காரர் வாயில் இது ஏறத்தாழ 'ஊலாவ்'. டேனிய மொழியில் 'ஓ' ஒலியே உண்டு. ஒளிக்குத் திட்டமான வேகம் உண்டு என்று வியாழனின் நிலவைக் கொண்டு 1676-இல் காட்டிய வானியலாளர் ஓலே ரோமரும், 1932-இல் லெகோ நிறுவனத்தைத் தொடங்கிய தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சனும் டேனியர்கள்.

ஐஸ்லாந்தில் பெயரும் வேற்றுமை உருபேற்கும். எழுவாயாக ஓலவுர், செயப்படுபொருளாக ஓலவ், நான்காம் வேற்றுமையில் ஓலவி, உடைமைப் பொருளில் ஓலாஃப்ஸ். இந்தக் கடைசி வடிவத்தோடு மகனுக்கு 'சொன்', மகளுக்கு 'தோத்திர்' சேர்த்து ஓலாஃப்சொன், ஓலாஃப்ஸ்தோத்திர் என்பர். அங்கே குடும்பப்பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. 1996 முதல் 2016 வரை குடியரசுத் தலைவராக இருந்த ஓலவுர் ரக்னர் கிரிம்சொன் என்பவரின் கடைசிப் பெயர், அவர் கிரிமுர் என்பவரின் மகன் என்பதை மட்டுமே சொல்கிறது. ஐஸ்லாந்தில் ஓலொவ், ஓலாஃபியா ஆகியவை பெண் பெயர்கள்.

சுவீடனில் ஊலோஃப் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவர் 1986 பிப்ரவரி 28 இரவு ஸ்டாக்ஹோம் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்ட தலைமை அமைச்சர் ஊலோஃப் பால்மே.

தற்காலத்தில் நோர்வேயில் இது மூத்த தலைமுறையின் பெயராகவே கருதப்படுகிறது. இரட்டைப் பெயர்களில் பின்னுறுப்பாக இது நிற்பதும் உண்டு. 2023-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற யூன் ஃபோசேயின் முழுப்பெயர் யூன் ஓலாவ் ஃபோசே. அவருடைய 'ஓலாவின் கனவுகள்' என்ற 2012-ஆம் ஆண்டுக் குறுநாவலில், தன் பழைய வாழ்வை மறைக்க விரும்பும் நாயகன் ஆஸ்லே என்ற பெயரை விட்டு, ஓலாவ் என்று பெயர் மாற்றிக்கொள்கிறான்.